டிப்ஸ்டிக்கில் ஆயில் ஏறுகிறது: பழைய டீசல் பிக்அப் 2035 வரை தாங்குமா?

கடிதத்தின் சுருக்கம் இது. சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் விடியற்காலையில் காய்கறியும் வாழை இலையும் ஏற்றி, தேக்கா வட்டாரத்துக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் போட்டுவரும் 36 வயது வாசகர் எழுதியிருக்கிறார். எட்டு மாதத்துக்கு முன் ஒரு வியாபாரியிடம் 2015-இல் பதிவான 2.5 லிட்டர் டீசல் பிக்அப்பைத் தன் தொழில் பெயரில் வாங்கினார். சிஓஇ என்ற வாகன உரிமைச் சான்றிதழ் ஏற்கெனவே பத்து ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டிருப்பதால் 2035 வரை சாலையில் ஓட்டலாம். வாங்கும்போது 187,000 கி.மீ., இப்போது 200,000-ஐத் தொடப் போகிறது. ஒரு நாளைக்கு அறுபது கிலோமீட்டர்தான் ஓட்டம், ஆனால் பதினைந்து இடத்தில் நிற்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டக் டக் என்று ஒரு சத்தம். டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) விளக்கு மூன்று முறை எரிந்து, பட்டறையில் இரண்டு முறை கருவி மாட்டி அந்தக் கரியை எரித்துக் கொடுத்திருக்கிறார்கள். டிபிஎஃப்-ஐ வெட்டி எடுத்துவிடு, புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் இஜிஆர்-ஐத் தகடு வைத்து அடைத்துவிடு என்கிறார் ஒரு நண்பர். வெயில் ஊருக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு, கழற்றிவிடு என்கிறார் இன்னொருவர். பத்தாயிரம் கி.மீ.க்கு ஒருமுறை டிரம் ஆயில் மாற்றுகிறார், தினமும் காலையில் பத்து நிமிடம் நின்றபடியே எஞ்சினைச் சூடேற்றுகிறார். “இந்த எஞ்சின் 2035 வரை ஓடுமா? இப்போதே எஞ்சினை முழுசாகப் பிரித்து ஓவர்ஹால் செய்துவிடலாமா, விற்றுவிடலாமா? குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் லெமன் சட்டத்தில் அவரைப் பிடிக்க முடியுமா?” என்று கேட்கிறார்.

தம்பி, உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது ஒன்றுதான் என்னை உட்கார விடவில்லை. “ஒரு நல்ல விஷயம், எட்டு மாதத்தில் ஆயில் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை, மேல் குறியையும் தாண்டித்தான் நிற்கிறது” என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். எஞ்சினுக்குள் ஆயில் தானாக ஊறாது. அளவு ஏறுகிறது என்றால் வேறு ஏதோ அதில் கலக்கிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கலந்தால் ஆயில் பால் விட்ட காப்பி மாதிரி நிறம் மாறிவிடும், உங்களுடையது கறுப்பாகத்தான் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் கலப்பது டீசல்தான்.

இன்று மாலையே ஒரு சோதனை செய்யுங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி, ஒரு வெள்ளை டிஷ்யூ தாளில் ஒரு சொட்டு வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். நடுவில் கறுப்பு வட்டம், அதைச் சுற்றி மெல்லிய பழுப்பு நிறம், அதையும் தாண்டி வெளியே ஈரம் பட்டது போல வெளிறிய அகலமான வளையம் பரவியிருந்தால் அந்த வளையம் டீசலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் வழவழப்பு இல்லாமல் தண்ணீராக ஓடும், மோந்தால் பெட்ரோல் நிலைய வாடை அடிக்கும். இந்த நிலையில் கிராங்க் பேரிங்கையும் டர்போவையும் காப்பாற்றுவது ஆயில் இல்லை, அதிர்ஷ்டம். அளவு மிக அதிகமாக ஏறிவிட்டால் பிரீதர் குழாய் வழியாக எஞ்சின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரிக்க ஆரம்பித்து, சாவியைத் திருப்பி எடுத்தாலும் நிற்காமல் தறிகெட்டுச் சுற்றும். நான் அதை ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன், இன்னொரு முறை பார்க்க விரும்பவில்லை. அதனால் சனிக்கிழமை வரைகூடக் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

டீசல் எப்படி ஆயிலுக்குள் வந்தது

சிங்கப்பூரில் 2014 ஜனவரியிலிருந்து புதிதாகப் பதிவாகும் டீசல் வண்டிகள் புகைக் கட்டுப்பாட்டில் யூரோ 5 தரத்தில் இருக்க வேண்டும் என்று வந்தது. உங்கள் வண்டி 2015, அதனால்தான் அதில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. புகையில் வரும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும், நிறைந்ததும் எரித்துச் சாம்பலாக்கும். எரிப்பதற்கு ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டை உண்டாக்க, எஞ்சின் கம்ப்யூட்டர் வேலை முடிந்த சிலிண்டருக்குள் கூடுதலாகக் கொஞ்சம் டீசலை அடிக்கும். அந்த டீசல் புகையோடு போய் வடிகட்டியில் எரிய வேண்டும், ஆனால் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் ஒட்டி, பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே ஆயிலில் இறங்கிவிடும். நீண்ட தூரம் ஓடும் வண்டியில் ஒரே மூச்சில் எரித்து முடித்துவிடுவதால் இது பெரிய விஷயமில்லை. இறங்கிய கொஞ்சமும் ஆயில் சூட்டில் ஆவியாகிப் போய்விடும்.

உங்கள் கதை வேறு. பாசிர் பாஞ்சாங்கில் ஏற்றி, ஆயர் ராஜா விரைவுச்சாலையில் கால் மணி நேரம், அப்புறம் சிராங்கூன் ரோடு, சையது ஆல்வி ரோடு, பஃப்ளோ ரோடு என்று நூறு மீட்டருக்கு ஒரு நிறுத்தம். கம்ப்யூட்டர் எரிக்கத் தொடங்கும், நீங்கள் வெண்டைக்காய்ப் பெட்டியை இறக்க எஞ்சினை நிறுத்துவீர்கள், பாதியில் போய்விடும். அடுத்த ஓட்டத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒவ்வொரு அரைகுறை முயற்சிக்கும் கொஞ்சம் டீசல் கீழே இறங்கும். எட்டு மாதம் இப்படிப் போனால் டிப்ஸ்டிக் ஏறாமல் என்ன செய்யும்?

இங்கேதான் உங்கள் மனதில் இருக்கும் பெரிய கணக்கைத் திருத்த வேண்டியிருக்கிறது. நீங்கள் 200,000 கிலோமீட்டரைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். இந்த அளவுள்ள ஜப்பானிய டீசல் எஞ்சினுக்கு அது பயப்படும் எண் இல்லை, ஒழுங்காக ஆயில் பார்த்த வண்டிகள் 400,000-ஐத் தாண்டி என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. உங்கள் ஓட்டத்தில் ஆண்டுக்கு 19,000 கி.மீ. வைத்தால்கூட 2035-இல் 370,000 பக்கம்தான் இருக்கும். எஞ்சினைத் தின்பது தூரம் இல்லை தம்பி, சரியாகச் சூடேறாத குட்டிக் குட்டி ஓட்டமும், நின்ற இடத்தில் ஓடும் எஞ்சினும்தான். ஒரு மணி நேரம் ஐட்லிங் என்றால் சுமார் நாற்பது கிலோமீட்டர் ஓடிய தேய்மானம் என்று கணக்கு வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். நீங்கள் சந்தையில் குளிர்சாதனம் போட்டு உட்காரும் நேரத்தையும் காலையில் சூடேற்றும் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள், மீட்டரில் தெரியாத இன்னொரு மீட்டர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது.

காலையில் பத்து நிமிடம் ஐட்லிங் வேண்டவே வேண்டாம். உங்கள் அப்பா காலத்து லாரிக்கு, அந்தக் காலத்து ஆயிலுக்கு அது சரியாக இருந்திருக்கலாம். விடியற்காலையிலும் 23 டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்கும் ஊர் இது. ஸ்டார்ட் செய்து, ஆயில் விளக்கு அணைந்து, அரை நிமிடம் போதும். அப்புறம் முதல் ஐந்து நிமிடம் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல், 2,000 சுற்றுக்குள் மென்மையாக ஓட்டுங்கள். நின்றபடி ஓடும் டீசல் எஞ்சின் சூடேறாது, கரிதான் கக்கும். போதாததற்கு, நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம், தேசியச் சுற்றுப்புற வாரியம் அபராதம் விதிக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், நம் ஊர்ப் பட்டறைகளில் தலைமுறையாக வரும் பழக்கம் அது. ஆனால் தெர்மோஸ்டாட் எஞ்சினைச் சூடாக்கும் பொருள் இல்லை, வேண்டிய சூட்டுக்குச் சீக்கிரம் கொண்டுபோய் அங்கேயே பிடித்து வைக்கும் கதவு. அதைக் கழற்றினால் உங்கள் எஞ்சின் நாள் முழுக்க அரைச் சூட்டில் ஓடும். டீசல் முழுசாக எரியாது, ஆயிலில் இறங்கிய டீசல் ஆவியாகாது, சூடு போதாத எஞ்சினில் கம்ப்யூட்டர் டிபிஎஃப்-ஐ எரிக்கவே தொடங்காது. என்னைக் கேட்டால், உங்கள் தெர்மோஸ்டாட் ஏற்கெனவே திறந்தபடி சிக்கியிருக்கிறதோ என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும், மலிவாகக் கிடைக்கும் ஓபிடி கருவி ஒன்றை வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டி, கைப்பேசியில் கூலன்ட் சூட்டைப் பாருங்கள். பத்துப் பதினைந்து நிமிட ஓட்டத்தில் 80 டிகிரியைத் தாண்டி அங்கேயே நிற்க வேண்டும். 65, 70 என்று தவழ்ந்தால் தெர்மோஸ்டாட்டை மாற்றிவிடுங்கள், மலிவான வேலை. அப்படியே கூலன்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள். இங்கே உறைபனி இல்லையே என்று குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் உண்டு. கூலன்ட் உறையாமல் இருக்க மட்டும் இல்லை, ரேடியேட்டரும் தண்ணீர்ப் பம்ப்பும் துருப் பிடிக்காமல் இருக்கவும்தான்.

டிபிஎஃப்-ஐ வெட்டலாமா

வேண்டாம். நண்பர் சொன்ன மாதிரி வெட்டினால் வண்டி கொஞ்ச நாள் நல்ல இழுவையோடுதான் ஓடும், அதை மறுக்கவில்லை. ஆனால் புகைக்கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றுவது சிங்கப்பூரில் சட்டத்துக்குப் புறம்பான மாற்றம். பத்து ஆண்டு தாண்டிய சரக்கு வண்டி என்பதால் உங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயச் சோதனை உண்டு, ஒவ்வொரு முறையும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். பெரிய விபத்து ஏதாவது நடந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் தேடுவது இந்த மாதிரி மாற்றங்களைத்தான். இதையெல்லாம் விடப் பெரிய விஷயம், டிபிஎஃப் நிறைவது நோய் இல்லை, அறிகுறி. அதை வெட்டி எறிந்தால் உங்களுக்கு எச்சரிக்கை கொடுக்கும் ஒரே ஆளின் வாயையும் மூடிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அதற்குப் பதில் வாரம் ஒருமுறை, வியாபாரம் முடிந்து வண்டி சூடாக இருக்கும்போதே, ஆயர் ராஜா விரைவுச்சாலையில் துவாஸ் வரை போய்த் திரும்பி வாருங்கள். 70 கி.மீ. வேகத்துக்கு மேல் வேண்டாம், ஆனால் கடைசி கியரில் போடாமல் ஒரு கியர் குறைத்து, 2,200 – 2,500 சுற்றில் இருபது, இருபத்தைந்து நிமிடம் நிலையாக ஓட்டுங்கள். டீசல் காசு வீண் என்று தோன்றும். அப்படி நினைக்காதீர்கள், பட்டறையில் ஒருமுறை கருவி மாட்டி எரிக்கக் கொடுத்த பணத்தையும் இந்த டீசலையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எரிப்பு நடக்கும்போது ஐட்லிங் சுற்று கொஞ்சம் கூடும், விசிறி வேகமாக ஓடும், பின்னால் ஒரு காந்தல் வாடை வரும். அந்த நேரத்தில் எஞ்சினை நிறுத்தாமல் இன்னும் பத்து நிமிடம் சுற்றிவிட்டு வந்து நிறுத்துங்கள். காய்ந்த புல் மேல் நிறுத்த வேண்டாம், அடியில் அவ்வளவு சூடு.

இஜிஆர் விஷயத்தில் உங்கள் நண்பரின் கோபம் எனக்குப் புரிகிறது. சென்ற மாதம் இதே மாதிரி டெலிவரி வண்டி ஒன்றில், எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினேன். மூன்று விரல் நுழைய வேண்டிய துளையில் சுண்டு விரல்கூடப் போகவில்லை, உள்ளே சுற்றிலும் அடிப்பிடித்த அல்வா மாதிரி கரியும் ஆயிலும் கலந்த கறுப்புப் பசை. காற்றே போகாமல் எஞ்சின் எப்படி மூச்சு விடும்? ஆனால் அதற்கு மருந்து அடைப்பது இல்லை, கழற்றிச் சுத்தம் செய்வது. இஜிஆர் வால்வு, கூலர், மேனிஃபோல்ட் மூன்றையும் ஒரே நேரத்தில் இறக்கிக் கழுவச் சொல்லுங்கள், ஒரு நாள் வேலை. 200,000 கி.மீ. ஆகிறதே, இதுவரை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். செய்தபின் நீங்களே வித்தியாசத்தை உணர்வீர்கள், மேம்பாலம் ஏறும்போது தெரியும்.

ஆயில்: எங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது

டிரம்மில் வரும் 15W-40 கெட்ட ஆயில் இல்லை, உங்கள் வண்டிக்குப் பொருந்தாத ஆயில். அந்த ரகங்களில் பல டிபிஎஃப் இல்லாத பழைய லாரிகளுக்கானவை, அவற்றில் சாம்பல் தரும் பொருட்கள் அதிகம். டிபிஎஃப்-இல் கரி எரிந்து போகும், சாம்பல் எரியாது. அது உள்ளேயே தங்கி, கடைசியில் வடிகட்டியையே மாற்ற வைக்கும். டின்னின் பின்பக்கம் டிபிஎஃப் வண்டிக்கான தரக் குறியீடாக ஜாசோ டிஎல்-1 (JASO DL-1) அல்லது ஏசிஇஏ சி (ACEA C) வரிசை என்று போட்டிருக்கிறதா பாருங்கள், உங்கள் கையேடு எதைக் கேட்கிறதோ அதை மட்டும் வாங்குங்கள். எந்த நிறுவனத்து டின் என்பது எனக்கு முக்கியமில்லை, அந்த எழுத்துதான் முக்கியம்.

மாற்றும் தூரம் 5,000 கி.மீ. அல்லது மூன்று மாதம், எது முதலில் வருகிறதோ அது. கையேட்டில் பத்தாயிரம் என்று இருக்கலாம், ஆனால் அதே கையேட்டின் பின்பக்கத்தில் ‘கடினமான பயன்பாடு’ என்று தனியாக ஒரு பட்டியல் இருக்கும், குறுகிய ஓட்டம், அதிக ஐட்லிங், பாரம் என்று. அதைப் படித்துப் பாருங்கள், உங்கள் ஒரு நாளை அப்படியே எழுதி வைத்த மாதிரி இருக்கும். விலை உயர்ந்த ஆயிலைப் பத்தாயிரம் ஓட்டுவதைவிட, சரியான தரமுள்ள சாதாரண ஆயிலை ஐயாயிரத்தில் வடிப்பது மேல். இதை நான் அடித்துச் சொல்வேன்.

அப்புறம் ஃபிளஷ். யாராவது “எஞ்சினை உள்ளே கழுவி விடுகிறேன்” என்று ஒரு பாட்டிலை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பத்தாண்டுக் கசடு மொத்தமாகப் பெயர்ந்து எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பில் இருக்கும் சல்லடையில் போய் அடைத்தால், ஆயில் மேலே ஏறாது. நல்ல ஆயிலை இரண்டு மூன்று முறை சீக்கிரமாக மாற்றினாலே கசடு மெல்ல மெல்ல இறங்கிவிடும்.

அந்த டக் டக் சத்தம்

உங்கள் கடிதத்தில் எனக்கு இரண்டாவது கவலை இதுதான். காலைக் குளிரில் தட்டி, சூடானதும் மறைகிறது என்றால் முதலில், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு இன்ஜெக்டரின் அடியிலும் சிலிண்டர் ஹெட்டில் உட்காரும் இடத்தில் ஒரு செப்பு வாஷர் இருக்கும், கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னது. நாளாக ஆக அது அமுங்கி, எரியும் வாயு மெல்லியதாகக் கசிய ஆரம்பிக்கும். இன்ஜெக்டரைச் சுற்றித் தார் ஊற்றிய மாதிரி கெட்டியான கறுப்பு மேடு தெரிந்தால் அதுதான். வெளியே கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், தப்பித்தோம். சில எஞ்சின் வடிவமைப்பில் அது உள்பக்கமாக வால்வ் கவருக்குள் கசியும், கரி ஆயிலில் விழுந்து, போய்ச் சேரும் இடம் நான் மேலே சொன்ன அதே சல்லடை.

பல ஆண்டுக்கு முன் ஒரு வாடிக்கையாளர், குழாய் வேலை செய்பவர், இழுவை வண்டியில் தன் பிக்அப்பைக் கொண்டுவந்தார். ஆயில் அளவு சரி, ஆயில் நிறமும் பரவாயில்லை, ஆனால் எஞ்சின் இறுகிவிட்டது. சம்ப்பை இறக்கிச் சல்லடையை வெளிச்சத்தில் பிடித்தேன், ஒரு துளை வழியாகக்கூட வெளிச்சம் வரவில்லை. ஒரு காப்பிக் காசு பெறாத நாலு வாஷருக்காக ஒரு எஞ்சின் போயிற்று. அவர் சத்தத்தை ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்றிலிருந்து, 200,000 நெருங்கும் எந்த வண்டி வந்தாலும் வாஷரையும் சல்லடையையும் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை.

அதனால் பட்டறையில் நீங்கள் கேட்க வேண்டியது: நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் அளவு சோதனை, அதாவது ஒவ்வொன்றிலும் சின்னப் பாட்டில் மாட்டி எவ்வளவு டீசல் திரும்பி வருகிறது என்று அளப்பது. மூன்று பாட்டில் ஒரே மட்டத்தில் இருந்து நாலாவது மட்டும் நிறைந்தால் குற்றவாளி அகப்பட்டான். ஆயிலில் டீசல் கலப்பதற்கும் அதே ஒழுகும் இன்ஜெக்டர் காரணமாக இருக்கலாம், முழுப் பழியையும் டிபிஎஃப் மேல் போட முடியாது. எல்லா வாஷரையும் மாற்றச் சொல்லுங்கள், பழையதைத் தேய்த்து மறுபடி போட வேண்டாம். சம்ப்பை இறக்கிச் சல்லடையையும் பார்க்கச் சொல்லுங்கள். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் அது எப்போது மாற்றப்பட்டது என்று ரசீதைத் தேடுங்கள், ரசீது இல்லையென்றால் மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள்.

டீசல் ஃபில்டரை 20,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுங்கள். இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் காமன் ரெயில் குழாயில் 1,600 பாருக்கு மேல் அழுத்தம் போகிறது, அந்த அழுத்தத்தில் ஒரு துளித் தண்ணீர் இன்ஜெக்டர் முனையை அரித்துவிடும். ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி மாதம் ஒருமுறை தண்ணீரை வடியுங்கள். குறைந்த விலைக்கு எங்கோ டீசல் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். 2019-லிருந்து நம் டீசலுக்கு லிட்டருக்கு 20 காசு வரி. வரி கட்டாத டீசலை வாங்குவது சுங்கத்துறை வழக்கு, அதில் என்ன கலந்திருக்கிறது என்பது எஞ்சினுக்கு மட்டும்தான் தெரியும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அதிகபட்ச எடைக்கு மேல் ஏற்றாதீர்கள். தீபாவளி, பொங்கல் வாரத்தில் கரும்பும் வாழைக்கன்றும் மலையாக ஏறும் என்று எனக்குத் தெரியும், இரண்டு நடையாகப் போங்கள். மழையில் சாலையில் தண்ணீர் தேங்கியிருந்தால் இறங்காதீர்கள். டீசல் எஞ்சின் ஒரு மடக்குத் தண்ணீரை உறிஞ்சினாலே கனெக்டிங் ராட் வளைந்துவிடும், அதற்கு மேல் நான் எழுதிய எதற்கும் வேலை இல்லை.

விற்றவரிடம் கேட்க முடியுமா

இதில் உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். 2012 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த லெமன் சட்டம் பழைய வாகனங்களுக்கும் பொருந்தும் என்பது உண்மைதான், ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை வாங்கும்போதே இருந்ததாக எடுத்துக்கொள்ளப்படும் என்பதும் உண்மை. ஆனால் அது பயனீட்டாளருக்கான சட்டம். முழுக்க முழுக்கத் தொழிலுக்காக வாங்கிய வண்டிக்கு அது கை கொடுக்காது, நீங்கள் தொழில் பெயரில் வாங்கியிருக்கிறீர்கள். போதாததற்கு எட்டு மாதமும் ஆகிவிட்டது, இடையில் பொருந்தாத ஆயிலும் ஊற்றப்பட்டிருக்கிறது. விற்பனை ஒப்பந்தத்தில் எழுதித் தந்த உத்தரவாதம் ஏதும் இருந்தால், அல்லது எஞ்சினைப் பற்றிப் பொய்யான தகவல் எழுத்தில் இருந்தால், சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கையில் தாள் இல்லாமல் போய் ஒரு நாள் வியாபாரத்தை இழக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. அந்தக் கோபத்தை இன்ஜெக்டர் வேலைக்குத் திருப்பிவிடுங்கள்.

ஓவர்ஹாலா, விற்பதா, ஓட்டுவதா

ஓவர்ஹால் இப்போது வேண்டாம். நோய் என்னவென்று தெரியாமல் வயிற்றைக் கிழிக்கிற வேலை அது. முதலில் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று பார்க்கட்டும். நாலு சிலிண்டரும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் ரிங்கும் வால்வும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் லேசான காற்று வருவது சகஜம், குப் குப் என்று புகை தள்ளினால்தான் ரிங் தேய்ந்திருக்கிறது. இன்னொரு வழியும் இருக்கிறது, நம் ஆட்கள் யாரும் பயன்படுத்துவதில்லை. கப்பல் எஞ்சின் ஆயிலைப் பரிசோதிக்கும் ஆய்வகங்கள் இந்தத் துறைமுக ஊரில் உண்டு, அங்கே ஒரு சின்னப் பாட்டில் ஆயில் கொடுத்தால் இரும்பு எவ்வளவு, தூசி எவ்வளவு, டீசல் எவ்வளவு, கூலன்ட் கசிவு உண்டா என்று எண்ணாகவே தந்துவிடுவார்கள். நாளை வடிக்கும் பழைய ஆயிலில் கொஞ்சத்தைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து வையுங்கள்.

விற்பதைப் பற்றி அவசரப்பட வேண்டாம். இன்னும் பல ஆண்டு சிஓஇ மீதம் இருக்கும் வண்டி இது, எப்போது பதிவை ரத்து செய்தாலும் மீதிக் காலத்துக்கான சிஓஇ தொகை விகிதப்படி திரும்ப வரும். அதனால் நாலைந்து ஆண்டு கழித்து எஞ்சின் கை விட்டாலும் நீங்கள் மொத்தமாக இழக்கப் போவதில்லை. வேறு எஞ்சின் இறக்கினால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவில் எஞ்சின் எண்ணை மாற்ற வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள், மலிவு என்று கணக்கில் வராத எஞ்சினை மாட்டிவிட்டுச் சோதனை மையத்தில் போய் நிற்காதீர்கள். கம்ப்ரெஷன் சரியாக இருந்தால் என் வாக்கு ஓட்டுவதற்குத்தான். கம்ப்ரெஷன் மோசம், ஆயிலில் இரும்பும் அதிகம் என்று வந்தால் அப்போது மறுபடி பேசுவோம், அது வேறு கணக்கு.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் நாலு எண் எழுதுங்கள்: மீட்டர், டிப்ஸ்டிக்கில் ஆயில் எங்கே நிற்கிறது, ஓட்டத்தில் கூலன்ட் சூடு, அந்த வாரம் டிபிஎஃப் எத்தனை முறை எரிந்தது. ஆயிலும் வாஷரும் மாற்றி ஆறு வாரம் ஆனதும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, இன்ஜெக்டர் ரிட்டர்ன் அளவோடும் கம்ப்ரெஷன் எண்ணோடும் எனக்கு அனுப்புங்கள். ஆயில் மேல் குறியிலேயே அசையாமல் நின்றால் டீசல் கலப்பு நின்றுவிட்டது. மறுபடியும் ஏறினால் வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிட்டு உடனே எழுதுங்கள், ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம்.